இருமலோடு ஒரு கூவல்

எதிர்ச்சரிவிலிருந்து வந்த கூவலின் கடைசியில் ஒரு இருமல் இருந்தது. பாறையில் பட்டுத் திரும்பும் சத்தம்தான் என்று பொன்ராஜ் அதைச் சட்டை செய்யவில்லை.

மேசைமேல் லேப்டாப் இருந்தது. அதில் ஓடியது அவர் மகன் அருண்பாண்டி கொச்சியில் உட்கார்ந்து செய்த காட்டு விளையாட்டு. பழைய காலத்துக் கம்ப்யூட்டர் ஆட்டம் மாதிரி படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அம்புக்குறியால் எதைத் தொட்டாலும், குரங்கிடம் கால்சட்டையைப் பறிகொடுத்த ஒரு வெள்ளைக்காரத் துரை அங்கே நடந்துபோய் நக்கலடிப்பான். புதரைத் தொட்டால் மட்டும் கூவுவான். அந்தக் கூவல் பொன்ராஜுடையது. போன லீவில் வந்த மகன் போனில் பிடித்துக்கொண்டு போனது. கடைசியில் அவர் இருமியதைக்கூட வெட்டவில்லை.

காலையில் அதற்குத்தான் போனில் சண்டை.

"ஏன்டா, கால்சட்டையத் தொலைச்ச கேனப்பயலுக்கு என் கொரலுதான் கெடச்சுச்சா?"

"சிரிப்பா இருக்கும்ப்பா. ஆடிப் பாருங்க. சாவி ஏதோ ஒரு பொதருக்குள்ள இருக்கு."

"எந்தப் பொதரு?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் என்ன வெளையாட்டு?"

சாவியே இருக்காது, பயல் ஏய்க்கிறான் என்றுதான் அவருக்குப் பட்டது. அதைப் பிடித்துக் காட்டவே ஒரு புதர் விடாமல் தொட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் முழுக்க, திறந்த ஜன்னல் வழியாக, அவர் குரல் சாந்தன்பாறை ஏலக்காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கிளம்பும்போதே அவர் மனைவி சாந்தம்மாள் முறைத்தாள்.

"வெளையாட்டுக்குக் கூவக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்? ஆளுன்னு நெனச்சு எதாச்சும் பதில் சொல்லும்."

"சொல்லட்டும். ஒன் கொரலுக்கு அது தேவல."

ஏலச்செடி ஆளை மறைக்கும். மூடுபனியாய் மஞ்சு இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது. அதனால் ஒருவர் கூவினால் கேட்டவர் பதில் கூவ வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். கல்யாணமான நாளிலிருந்து சாந்தம்மாள் அப்படித்தான் ஸ்டோரிலிருந்து திரும்புகிறாள்.

இப்போது மஞ்சு இறங்கிவிட்டது. ஈர இலையின் வாடையும் ஸ்டோர் அடுப்பின் புகையும் ஜன்னலில் தேங்கி நிற்க, அப்பால் இருந்த செடிகள் ஒவ்வொரு வரிசையாக வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் எல்லாம் பூப்பாறைக்குப் போயிருந்தார்கள். பொன்ராஜ் மவுசிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

சும்மா விட்டால் துரைக்குப் பொறுக்காது. "என்னப்பா, தூங்கிட்டியா? எதையாவது தொடு," என்றான்.

பொன்ராஜ் தொடவில்லை.

ஆனாலும் சரிவில் கூவல் கேட்டது. அதே நீளம். அதே இருமல். முன்னைவிடக் கிட்டத்தில்.

பாறை தானாகக் கூவாது.

அப்போது கீழேயிருந்து சாந்தம்மாள் கூவினாள், வேலை முடிந்த களைப்போடு இழுத்து. அவர் வாயைத் திறப்பதற்குள் சரிவிலிருந்து அது பதில் கூவிவிட்டது.

"வந்துட்டேன்யா," என்றாள்.

பொன்ராஜ் முற்றத்துக்கு ஓடினார். கூவினார். பயத்தில் தொண்டை பிசிறியது. அவருக்கே அது யாரோ கூவியதுபோலக் கேட்டது. சரிவில் கேட்டதுதான் பொன்ராஜின் குரல்.

மஞ்சுக்குள் அவள் டார்ச் வெளிச்சம் நின்றது. "ஏய்யா, எங்கருந்து கூவுற?"

"வீட்டுல இருக்கேன், சாந்தா. அங்கிட்டுப் போகாத."

வெளிச்சம் வீட்டுப் பக்கம் அசைந்தது.

"வீட்டுல இருக்கேன், சாந்தா," என்றது சரிவு. பிறகு இருமியது.

வெளிச்சம் அந்தப் பக்கம் திரும்பியது.

வாக்கத்தியை எடுத்துக்கொண்டு ஏலக்காட்டின் ஓரம்வரை போனார். வெளிச்சம் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. நின்றது. பிறகு நேரே மேலே போனது. செடிக்கு மேலே. மரக்கிளைக்கு மேலே. அவள் கத்தவில்லை. செருப்பு ஒன்று இலைகளில் தட்டித் தட்டிக் கீழே விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பொன்ராஜின் கால் முன்னே போகவில்லை. பின்னால்தான் போனது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலை அடைத்தார்.

"வந்துட்டேன்யா."

காட்டோரத்தில்.

"வந்துட்டேன்யா."

முற்றத்தில். அதே களைப்பு. அதே இழுப்பு. ஒரு மூச்சுக்கூட மாறவில்லை.

"வந்துட்டேன்யா."

வாசலில்.

கை தாழ்ப்பாளுக்குப் போனது. அவளாக இருந்தால்? கையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றான் துரை பின்னாலிருந்து. "எதையாவது தொடு."

கதவுக்கு மேலே, உத்தரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஏணி வைத்தால்தான் எட்டும். அதன் வழியாக டார்ச் வெளிச்சம் உள்ளே இறங்கி, அறையைத் துழாவி, அவர் முகத்தில் வந்து நின்றது.

"வந்துட்டேன்யா," என்றது சாந்தம்மாளின் குரல்.

அதற்குப் பதில் சொல்வதுபோல, அதே உயரத்திலிருந்து, அதே வாயிலிருந்து, பொன்ராஜின் குரல் கூவியது. கூவிவிட்டு இருமியது.