எட்டாவது பொருள்

2024 ஓகஸ்ட் 14, புதன்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். முந்தல் களப்புக் கரையில் கைவிட்ட இறால் பண்ணையை நிரவிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் பன்னிரண்டாம் இலக்க வீட்டின் கதவுத் திறப்பை வாங்கும்போது, கம்பனி இலவசமாகத் தரும் பொருட்களை எண்ணி, 'எட்டு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். விளம்பரத்தில் இருப்பது ஏழுதான்: தண்ணீர்த் தாங்கி, மோட்டர், மூன்று மின்விசிறி, அலுமாரி, அடுப்பு. எட்டாவது, முன்னறை மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்த மரக்கதிரை.

வீடுகளை விற்கும் மின்ஹாஜிடம் சொன்னேன். சிரித்தார்.

"கூடுதலாக் கிடைச்சா ஆராவது குறை சொல்லுவாங்களா மிஸ்? கையெழுத்து வெச்சா உங்கடதான்."

உம்மா கதிரையைத் தடவிப் பார்த்து, நல்ல பலகை என்றார்.

ஓகஸ்ட் 17, சனி

மாலைத் தையல் வகுப்பு முடிந்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் வந்து கதவைத் திறந்தபோது, புதுப் பெயின்ற் வாசத்துக்கு அடியிலிருந்து களப்புச் சேறும் செத்த இறாலும் கலந்த ஒரு நாற்றம் மெல்ல எழும்பி, முன்னறை இருட்டில் நிறைந்து நின்றது. கதிரை சுவரைப் பார்க்கவில்லை. உம்மாவின் அறையைப் பார்த்தது. நானே திருப்பிவைத்து மறந்தேனோ? சோக்கட்டியால் அதன் கால்களைச் சுற்றி நிலத்தில் கோடு போட்டேன். இருக்கை ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"உம்மா, இதுல ஆராவது இருந்தாங்களா?"

"மெதுவாக் கதை புள்ள. இப்பதான் கண்ணசந்தாரு."

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

வகுப்பு முடிந்து வந்து பார்த்தேன். கதிரை கோட்டைத் தாண்டி மூன்று முழம். உம்மாவின் அறை வாசலில்.

பக்கத்துப் பதினோராம் வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பது என் ராத்தா அலீமா. அக்காவும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம் என்று மூன்று மாதம் கெஞ்சி என்னை வாங்க வைத்தவள். வாங்குவதற்குப் புது ஆளைக் கூட்டி வருவோருக்கு பிரிட்ஜ் பரிசு என்று விளம்பரத்தில் இருந்தது. ராத்தா வீட்டில் பிரிட்ஜ் இல்லை. முன்னறைப் பாயின் ஓரம் மடிந்து கிடந்தது. அதன் கீழே, சீமெந்து நிலத்தில், கதிரைக் கால் அளவில் உப்புப் படிந்த நான்கு வெள்ளை வட்டங்கள்.

"பிரிட்ஜ் எங்க ராத்தா?"

"நான் பிரிட்ஜ் கேக்கல்ல."

"அப்ப என்ன கேட்டீங்க?"

"அதை எடுத்துட்டுப் போகச் சொன்னன்."

"உம்மா என்னோடதான் இருக்கப்போறாங்கண்டு தெரியும்தானே?"

ராத்தா குனிந்து பாயை நேராக்கினாள். முகத்தை நிமிர்த்தவேயில்லை.

"என்ட புள்ளட கட்டில் வரைக்கும் வந்திட்டு, நபீலா."

திரும்பி வந்தேன். விளக்கு எரியவில்லை. நாற்றம். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழும் சத்தம். உம்மா கதிரையில். முதுகு நேராக. சேலை முழங்கால் வரை நனைந்து, வெள்ளையாய் இறுகியிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. உம்மாவின் கால்கள் நிலத்தில் படவில்லை. கதிரைக்கும் உம்மாவுக்கும் நடுவே இன்னொரு மடி. உம்மாவின் இடுப்பைச் சுற்றி, ஈரமாக, விரல் கோத்த இரண்டு கைகள்.

நாளை: வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் அஸ்மியாவை, காலை ஒன்பது மணிக்கு, பதின்மூன்றாம் வீட்டைப் பார்க்க அழைத்து வர வேண்டும்.