கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

சட்டியில் போட்ட தேங்காய் எண்ணெய் உருகவில்லை. ஹல்துமுல்லைக் குளிருக்கு எண்ணெய் போத்தலில் உறைந்துபோவதும், சுரண்டியெடுத்து அடுப்பில் இளக்குவதும் தயானிக்குப் பழகிப்போன வேலைதான். இன்றைக்கோ சட்டி நன்றாகச் சூடேறிய பிறகும் கட்டி அப்படியே கிடந்தது. வழக்கமான வெண்மையும் இல்லை. கற்கண்டுபோல் பட்டை பட்டையாக இருந்தது; அதனூடாகச் சட்டியின் அடி தெரிந்தது. கரண்டியால் தட்டினாள். கண்ணாடியில் தட்டிய சத்தம் கேட்டது.

மாலை ஐந்து மணிதான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே தேயிலை நிரைகளை விழுங்கியபடி மூடுபனி மேலேறிக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டியது. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். கணவன் நிமலன் தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து வரும் நேரம். அவன் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. எந்தச் சேர்மம் நிலைக்கும், எது நிலைக்காது என்பதைக் கணினியில் படமாக வரைவாள். உறுதியானவற்றை இணைத்து அடியில் ஒரு கோடு; அதைவிட உறுதியானது எதுவும் இல்லை. அதற்கு மேலே அந்தரத்தில் வண்ணப் புள்ளிகள். மேட்டில் நிறுத்திய லொறியின் சில்லுக்குக் கல் வைத்ததுபோல, இடையில் ஏதோ தடை இருப்பதால் விழாமல் நிற்பவை அவை. எது நெடுநாள் தாங்கும் என்று பார்த்து, புதுப் பொருள் செய்கிறவர்களுக்குச் சொல்வாள். "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிற உத்தியோகம்" என்று நிமலன் கேலி செய்வான்.

போன வாரம் கோட்டுக்குக் கீழே, வெகு ஆழத்தில், ஒரு புள்ளி வந்து நின்றது. அங்கே எதுவும் இருக்கவே கூடாது. கணக்குப் பிழை என்று அவள் சிரித்தாள். உலையில் பொருட்களைச் செய்து பார்க்கும் றில்வான் சிரிக்கவில்லை. அந்தச் சேர்மத்தைச் செய்தே விட்டான். நேற்று அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி ஆசையாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்துதான், குவளை கைக்கு எட்டாத அவசரத்தில், குடிதண்ணீர்த் தொட்டியிலேயே கையை விட்டு அலசினாள்.

போன் அடித்தது. றில்வான்.

"தயானி, நேத்து அந்தத் தூளத் தொட்டீங்கதானே?" நாக்கு தடித்துப்போன குரல்.

"ஆமா. ஏன்?"

"கைய எங்க கழுவினீங்க?"

"வீட்டுத் தொட்டியில."

"அந்தத் தண்ணியக் குடிச்சிராதீங்க. என்னோட வாயி..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மணலை மெல்லுகிற சத்தம் வந்தது. வெகு நேரம் வந்தது. அவள்தான் போனை வைத்தாள்.

மடிக்கணினியைத் திறந்தாள். சட்டியும் அந்தத் தண்ணீரில் கழுவியதுதான். படத்தில் எண்ணெயைச் சேர்த்தாள். புள்ளி மேலே நிற்கவில்லை. நேரே அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தது. இடையில் தடை பூச்சியம்; தொட்டதெல்லாம் அதுவாகவே மாறும். தண்ணீரைச் சேர்த்தாள். விழுந்தது. உப்பு. விழுந்தது. இரத்தத்தில் இருப்பவற்றைச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

தொட்டி மூடியை நீக்கினாள். உள்ளே தண்ணீர் அசையவில்லை. குழாயிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. டக். இன்னொன்று. டக்.

வெள்ளிக்கிழமை விரதம். நேற்றிரவிலிருந்தே அவள் வாயில் தண்ணீர் படவில்லை. அதனால்தான் தப்பியிருக்கிறாள். நிமலனையாவது உள்ளே விடக் கூடாது. ஓடிப்போய்ப் பின்கதவை அடைத்தாள். முன்கதவுத் தாழ்ப்பாளை இழுத்தபோது சுண்டுவிரல் மடங்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

"தயா, கதவத் தொற."

"உள்ள வராதீங்க. தண்ணி கெட்டுப்போச்சு. அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க."

"என்னா விளையாட்டு இது. குளிருது."

"சொன்னாக் கேளுங்க. இந்தத் தண்ணி உங்க வாயில படக் கூடாது."

வெளியே ஃப்ளாஸ்க்கைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"காலையில ஃப்ளாஸ்க்ல தேத்தண்ணி ஊத்திக் குடுத்தியே," என்றான் நிமலன். "அதத்தான் நாள் முழுக்கக் குடிச்சேன். அப்ப இருந்து தாகமே இல்ல, தயா. குளிரு மட்டும்தான்."

அவள் ஊற்றிக் கொடுத்தது. அவள் கையால்.

மறுபடி தட்டினான். விரல் முட்டியின் சத்தம் இல்லை. மரத்தில் கண்ணாடி படும் சத்தம்.

கதவோரத்து ஜன்னலில் அவன் முகம் வந்தது. இந்தக் குளிரிலும் கண்ணாடியில் மூச்சின் ஆவி படியவில்லை. இமை அசையவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தான். அந்த இடத்திலிருந்து வெள்ளைக் கிளைகள் விரிந்தன. உட்பக்கமாக. சட்டத்தில். சுவரில்.

"தொற, தயா." உதடு அசையவில்லை.

ஓடவேண்டும். கை தாழ்ப்பாளை விட்டு வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

தாழ்ப்பாளைப் பற்றியிருந்த தன் விரல்களுக்கு ஊடாக, அதன் துரு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.