மெய்விழி திறந்த கூடம்

ஆதிரையின் வலக்கண்ணைக் கட்டியிருந்த பட்டுத்துணியை அவிழ்க்க அவள் அப்பா சிவக்கொழுந்து நல்ல நேரம் பார்த்திருந்தார். கூடம் நிறையச் சொந்தபந்தம். முன்வரிசையில் சம்பந்தியாகப் போகும் தில்லைநாதன்.

எந்தப் படத்தையும் எந்திரங்களே உருவாக்கத் தொடங்கியபின் யாரும் படத்தை நம்புவதில்லை. பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துத் தேறியவர்களின் கண்ணில் பொருத்தப்படும் மெய்விழி காண்பது மட்டுமே செய்தி. நீதிமன்றம், சட்டமன்றம், போர்முனை என்று வேலை அவர்களைத் தேடி வரும். அப்படியொரு பெண் இருக்கும் வீட்டில் ஒளிக்க ஒன்றுமிருக்காது என்று ஊர் நம்பியது. அதனால் நல்ல சம்பந்தங்களும் தேடி வந்தன. முதல் பார்வையை வீட்டிலேயே விழாவாக வைப்பது புதுவழக்கம். அது அப்படியே எல்லோர் கைத்திரையிலும் ஓடும்.

“முதல்ல அண்ணன் படத்தப் பாத்துக் கும்பிடட்டுங்க. இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்!” என்றார் தில்லைநாதன்.

சிவக்கொழுந்து சுவரிலிருந்த படத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். வெறும் படம்தானே, பேசவா போகிறது? “அதான் முறை. பாரும்மா” என்று துணியை அவிழ்த்தார்.

அண்ணன் கபிலனின் மாலை போட்ட படத்தை ஆதிரை கைகூப்பிப் பார்த்தாள். காணும் முகம் யாருடையது என்று மெய்விழி தானே தேடிச் சொல்லும். கைத்திரைகள் ஒன்றாக அதிர்ந்தன.

‘கபிலன். ஓசூரில் மனைவி, மகளுடன் வசிக்கிறார். உயிருடன் இருப்பவருக்கு மாலை.’

வேறு சாதியில் கட்டினான் என்று மகனுக்குக் கருமாதி செய்துவிட்டு, அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி ஆதிரையிடம் விபத்து என்று சொன்னவர் சிவக்கொழுந்து.

“அப்பா... அண்ணன் இருக்கானா? வருஷா வருஷம் திதி குடுத்தோமேப்பா!”

“கண்ண மூடும்மா. மானம் போவுது.”

“மூட மாட்டேன். என்னப் பாத்துச் சொல்லுங்க.”

கைத்திரைகள் மறுபடி அதிர்ந்தன. ‘தந்தை பதில் சொல்லவில்லை.’

“உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போட்டு வச்சுக்கிட்டா எங்கிட்ட சம்பந்தம் பேசினே?” தில்லைநாதன் துண்டை உதறி எழுந்தார். ஆதிரை அவர் பக்கம் திரும்பினாள். ஈரமான அந்த விழி தன் முகத்தில் நிலைத்ததும், தன்னைப் பற்றி அது என்ன சொல்லிவிடுமோ என்று பயந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பின்வரிசைகளில் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன.

“நான் ஓசூர் போறேன்” என்றாள் ஆதிரை.

வாசலை நோக்கி அவள் நடந்தபோது பெற்ற தகப்பன் உட்பட யாரும் எழவில்லை. தடுக்க வேண்டுமானால் அவள் எதிரே போய் நிற்க வேண்டும்.