இரண்டாவது ஸ்பிரே

வெண்டல் க்ரௌஸ் நீதிமன்றக் கழிவறைத் தரையில் கிடந்தான்.

உதடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம்... பிறகு அதுவும் நின்றது.

போலீஸ் டெபுடி வெர்னா ஸ்டாட்லர் மண்டியிட்டாள். ஆறு மாதம் நாயாய் அலைந்து அவள் பிடித்த ஒரே சாட்சி இவன். மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையூரில் பதினேழு பேரைக் கொன்ற போலி மாத்திரை வியாபாரி ரட்டிக்கை, பத்து மணிக்குக் கூண்டேறி அடையாளம் காட்ட வேண்டியவன்.

மணி ஒன்பது இருபது.

இடுப்புப் பையில் போதை மருந்தின் வேகத்தை முறிக்கும் மூக்கு ஸ்பிரே ஒன்றே ஒன்று இருந்தது. ஜோடியில் மற்றதை நேற்று பெட்ரோல் பங்கில் ஒரு பெண்ணுக்குச் செலவழித்திருந்தாள். வெண்டலின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கில் நுழைத்து அழுத்தினாள்.

வாசல் காவலர் ஹாலிஸ் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வர பதினாலு நிமிஷமாகுமாம். இதுங்க திருந்தாத ஜென்மங்க என்று முணுமுணுத்தார்.

வெர்னா வெண்டலின் மூக்கைப் பொத்தினாள். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அவன் வாயில் ஊதிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம்... அசைவில்லை.

சுவரில் இன்னொரு ஸ்பிரே இருந்தது, பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள். சாவி நீதிமன்ற மேனேஜரிடம். மேனேஜர் மீட்டிங்கில்.

"உடைங்க, ஹாலிஸ்."

"என் வேலை போயிடும், வெர்னா."

"இங்க உயிரே போயிட்டிருக்கு. உடைங்கய்யா!"

ஹாலிஸ் தீயணைப்பு உருளையால் ஓங்கி அடித்தார். கண்ணாடி சிதறியது. இரண்டாவது ஸ்பிரே, அடுத்த மூக்குத் துவாரத்தில்.

அப்போதுதான் அரசு வக்கீல் பாஸ்கம் உள்ளே வந்தார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். எட்டு மாசம் போதையைத் தொடாமல் சுத்தமாக இருந்தவன் கடைசி நாளில் கவிழ்த்துவிட்டானே, இனி கேஸ் நிற்காதே என்று அங்கலாய்த்தார்.

வெண்டலின் மார்பு ஏறி இறங்கியது. ஒரு தடவை... இன்னொரு தடவை. கண் திறந்தான்.

வெர்னா அவன் தோளைப் பிடித்தாள். "ஏன்டா மறுபடி போட்ட? இன்னிக்குப் போயி..."

"நான் எதுவும் போடல வெர்னா." குரல் கரகரத்தது. "பல்வலி உயிரை எடுத்துச்சு. இவர்தான் ரெண்டு மாத்திரை குடுத்தாரு."

அவன் விரல் பாஸ்கமை நோக்கி நீண்டது.

பாஸ்கம் கதவுப் பக்கம் திரும்பினார். கதவில் ஹாலிஸ் சாய்ந்து நின்றார், உருளையோடு.

வெர்னா பாஸ்கமின் கோட்டுப் பையைச் சோதித்தாள். சின்னக் கவர். நீல மாத்திரைகள் நாலு. ரட்டிக் விற்ற அதே சரக்கு.

"போதைக்காரன் பேச்சை எந்த ஜட்ஜ் நம்புவாரு?" என்றார் பாஸ்கம்.

வெர்னா விலங்கைப் பூட்டினாள்.

"அதை அவர்கிட்டயே கேளுங்க சார், ரட்டிக் உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்னும் சொல்லுங்க. சாட்சி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும். அதுவரைக்கும் ரட்டிக்கை உங்களுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உக்காரச் சொல்றேன்."