பஞ்ச் வைக்காத நட்டு

தங்கை வீட்டுப் பின்பக்க ஷெட்டை மெக்கானிக் திறந்தபோது மதியம் மூன்று மணி. நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த இடம். உள்ளே, மரத்தில் மோதி நசுங்கிய முகப்போடு அந்தப் பழைய கார் நின்றது.

"அவர் ஆசையா வச்சிருந்த வண்டிண்ணா. நீங்கதான் பழையபடி ஆக்கித் தரணும்," என்றாள் தங்கை. "தூக்கக் கலக்கத்துல கொண்டுபோய் மோதி உசுர விட்டுட்டாரு. அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறல."

அவள் டீ போடப் போனாள். மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். தூங்கினார் என்று முடிவு கட்டியது போலீஸ். ஆனால் மாப்பிள்ளை வண்டி எடுத்தால் வாயில் புதினா மிட்டாய் இருக்கும். கடக் கடக்கென்று கடித்துக்கொண்டே ஓட்டுவார், கண் அசர மாட்டார்.

விபத்துக்கு முதல் நாள் இந்த ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டியவன் மெக்கானிக்தான். நட்டை முறுக்கி முடித்ததும், நட்டும் ஸ்டியரிங் தண்டும் சேரும் இடத்தில் பஞ்ச் உளியால் அடையாளமாக ஒரு புள்ளி குத்துவது அவன் வழக்கம். அன்றைக்குப் பாதியில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்து போனான். திரும்பி வந்து முறுக்கினோமா என்பது எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை.

ஹார்ன் மூடியை நெம்பி எடுத்தான்.

புள்ளி இல்லை. நட்டு வெறும் விரலுக்கே கழன்று வந்தது.

ஸ்டியரிங்கைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு வேறு மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? தண்டில் எண்ணெய் விட்டான். ஸ்டியரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியை மாட்டித் திருகினான். இரும்பு முனகியதே தவிர அசைந்து கொடுக்கவில்லை. எல்லாம் துருதான் என்று சொல்லிக்கொண்டு, புல்லரைக் கழற்றிவிட்டு இரு கையாலும் பிடித்து இழுத்தான்.

எதிர்ப்பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

ஷெட் முழுக்கப் புதினா வாசனை.

"மாப்பிள்ள..." என்றான். "தெரியாம நடந்துபோச்சு. விட்டுடுங்க."

காதோரம் மூச்சு பட்டது.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

தங்கை டீயோடு வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. கையில் இருந்த நட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவர் தூங்கலம்மா. நான்தான் இத முறுக்காம விட்டுட்டேன்."

டீ டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

அந்த நொடியே ஸ்டியரிங் தானாகக் கழன்று அவன் மடியில் விழுந்தது. வளையத்தின் இரு பக்கமும் ஈரமாக இரண்டு கைத்தடங்கள். தங்கை கிட்டே வந்து அவற்றின் மேல் தன் கைகளை வைத்துப் பார்த்தாள்.

"தினமும் அவர் போட்டோவப் பாத்துத் திட்டியிருக்கேண்ணா," என்றாள். ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் போனாள்.

மனதில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்றுதான் மெக்கானிக் நினைத்தான். இறங்கப் போனான்.

கார்க் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பூட்டு விழுந்தது.

ஸ்டியரிங் இல்லாத மொட்டைத் தண்டு இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.

பக்கத்து இருக்கையில், கடக்கென்று யாரோ மிட்டாயைக் கடித்தார்கள்.