கடக் கடக் என்றது சைக்கிள்

அப்பாவின் சைக்கிள் சந்து முழுவதும் கேட்கும்படி "கடக்... கடக்..." என்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஸுப்ரியா குனிந்து பெடலைப் பார்த்தாள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை!

பெடல் சுற்றும் அச்சுக்குள் குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள் இருக்கும். அவை கெட்டுப்போனால் இந்தச் சத்தம் வரும். புதுசு போட்டால் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். இங்கேயோ இரண்டு மூன்று மாதத்தில் போய்விடுகிறது.

அப்பா வெங்கிடாசலத்தின் மூக்கு நுனி சிவந்தது. "செல்லதுரை பழைய குண்டைப் போட்டு என்னை ஏமாத்திட்டான். இனிமே அவன் கடைப் பக்கமே போக மாட்டேன்!"

சைக்கிள் கடை செல்லதுரை மாமா, அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இதே சைக்கிளில் அப்பா மிதிக்க, மாமா முன்கம்பியில் உட்கார்ந்து மணியடிக்க, இருவரும் போர்ட் கொச்சிக் கடற்கரைக்குப் போவார்களாம். ஒரு நாள் சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையில் இருக்கும் வைப்பின் தீவுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் உதை வாங்கினார்களாம். சாயங்காலம் கடை பெஞ்சில் சாயா குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொல்வார்கள். ஸுப்ரியா பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றபடி கேட்பாள். எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்கு அலுக்காது.

இப்போது சாயங்காலம் வந்தால் வீடு உம்மென்று இருந்தது. அந்தப் பெஞ்சை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

பள்ளி விட்டதும் மாமாவிடமே போய்க் கேட்டாள். "மாமா, நீங்க பழைய குண்டா போட்டேள்?"

"உங்கப்பன் சைக்கிளுக்கா? புதுசு போட்டு, என் கையாலயே கிரீஸ் அப்பினேம்லா மோளே! ஏன் போவுதுன்னு எனக்கே புரியல."

மாமா பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வாராவாரம் போல சைக்கிளைக் குளிப்பாட்டினார். அது அந்தக் காலத்தைப் போலவே பளபளக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகவே இந்த வருஷம் நீளமான பிளாஸ்டிக் குழாய் வாங்கியிருந்தார். அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, பெடல் அச்சின் மேலேயே சர்ரென்று பீய்ச்சினார்.

துடைப்பதற்காக ஸுப்ரியா சைக்கிளைச் சாய்த்தாள். உள்ளே 'களக்' என்றது. சட்டென்று அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

'எல்லாம் உன்னாலதான்' என்று சொன்னால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரே பார்க்கட்டும் என்று ஒரு வெள்ளை பேசினை அச்சுக்கு அடியில் வைத்தாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் படுக்க வையேன். உள்ளே என்னமோ சத்தம் கேக்கறது."

அப்பா படுக்க வைத்தார். பேசினில் துருப்பிடித்த தண்ணீர் சொட்டியது. கிரீஸ் எல்லாம் எப்போதோ கரைந்து போயிருந்தது.

"இத்தனை ஜலம் உள்ளே எப்படிப் போச்சு?"

ஸுப்ரியா மெல்லத் திரும்பினாள். தரையில் இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அவர் மூக்கு நுனி மறுபடியும் சிவந்தது, இந்தத் தடவை வெட்கத்தில்.

"பாவம், அவனைப் போய்..." என்றவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஸுப்ரியா பின்னாலேயே ஓடினாள்.

கடை வாசலில் அப்பா தொண்டையைக் கனைத்தார். "டேய் செல்லதுரை, குழாயைப் பீய்ச்சிப் பீய்ச்சி நானே துருப்பிடிக்க வச்சிருக்கேன். உன்னைத் தப்பாச் சொல்லிட்டேண்டா."

மாமா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு காய்ந்த துணி ஒன்றை எடுத்து நீட்டினார். "இனிமே இதால துடை, போதும். குளிக்கது நீ மட்டும் குளி!"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயா வந்தது.

"மோளே, உங்கப்பன் சைக்கிளோட காயல்ல விழுந்த கதை தெரியுமா?" என்றார் மாமா.

"விழுந்தது இவன்!" என்றார் அப்பா.

ஸுப்ரியா இருவருக்கும் நடுவில், காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.