கறுப்புப் பெட்டியில் கேட்ட மூச்சு

பாட்டு இன்னும் போடவில்லை. ஆனாலும் ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெவில் பாஸ்கோ அதைக் காதிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கூடம் எப்போதும் போலத்தான் இருந்தது. வெளியே, தென் ஆஸ்திரேலியாவின் எஃகு ஆலை நகரமான வையாலாவின் மத்தியான வெயில் தகரக் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது. கூரை அவ்வப்போது டப்பென்று விரிசல் விடுவது போல ஒரு சத்தம் போட்டது. வீட்டுக்குள்ளே மட்டும் ராத்திரி. அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் கிடக்கும். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்காகச் சன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டி, மேலே திரையையும் இழுத்துவிட்டிருப்பார்கள். நெவில் எஃகு ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பகலில் தூங்குவது அவர் மனைவி டெனீஸ். முதியோர் இல்லத்தில் இரவுப் பராமரிப்பு வேலைக்குப் போய்வருகிறவள். அவள் தூங்கும்போது ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்க முடியாது. அதனால்தான் இந்த ஹெட்போன், அதனால்தான் மேசைமேல் இந்த இரண்டு பெட்டிகள்.

கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பழைய பாணி ஆம்ப்ளிஃபையர் பைத்தியங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கி ஏமாறுவதைவிட, ஒரே பெட்டியை ஊர் ஊராகத் தபாலில் அனுப்பிச் சுற்றவிடுவார்கள். அவரவர் வீட்டில் கொஞ்ச நாள் வைத்துக் கேட்டுவிட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். நெவிலின் முறை வந்தபோது ஒரு வெள்ளிப் பெட்டியும் ஒரு கறுப்புப் பெட்டியும் வந்தன. இரண்டுமே ஓய்வூதியத்துக்குள் அடங்கும் விலை. வெள்ளி, சீனாவிலிருந்து வந்த புதுச் சரக்கு. துடைத்துவைத்த மாதிரி ஒலி. கறுப்பு யாரோ கையால் செய்தது. அதன் வால்வுகள் சூடேறும்போது பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு மட்கிய வாசனை எழும்.

அவர் மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மூச்சு இருந்தது. உள்ளே போகும், வெளியே வரும், நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி நிற்கும். பிறகு தொண்டையில் ஒரு கொக்கி மாட்டி இழுத்தாற்போல் விசுக்கென்று தொடரும். அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுக்கையறை.

அது டெனீஸ்.

இந்தச் சுற்றை நடத்துகிற கோலினுக்குப் போன் போட்டார். கோலின் போர்ட் அகஸ்டாவில் இருக்கிற பழைய கூட்டாளி.

"வால்வு சில நேரம் மைக்கு மாதிரி ஆயிடும்டா," என்றான் கோலின். "உள்ள இருக்கிற கம்பி லூசாயிருக்கும். சின்னச் சத்தத்துக்கும் ஆடும். பென்சிலால லேசாத் தட்டிப் பாரு, காதுல மணி அடிக்கும்."

தட்டினார். கண்ணாடிக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு கோயில் மணி போல ஒலித்து அடங்கியது.

"சொன்னேன்ல? பேசாம வெள்ளிய எடு. அந்தக் கறுப்பு யாரு சுத்துல விட்டதுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. எல்லாரும் ஓகோன்னு புகழுறானுங்க, எவனும் வாங்க மாட்டேங்குறான்."

நெவில் வெள்ளியை எடுக்கவில்லை. ஏன் என்று கோலினிடம் சொல்லவும் இல்லை.

போன குளிர்காலத்தில் டெனீஸ் தூக்கத்தில் மூச்சை நிறுத்திவிட்டாள். அவள் வேலைக்குப் போகாத ஒரு ராத்திரி அது; அவரும் பக்கத்தில் படுத்திருந்ததால், உலுக்கி எழுப்ப முடிந்தது. மருத்துவர் முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காற்றுக் குழாய்க் கருவியைக் கொடுத்தார். அவள் ஒரே ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன கடலுக்கு அடியில முத்துக் குளிக்கவா போறேன்?" என்று அலமாரியில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து நெவிலுக்குப் பகல் ஒவ்வொன்றும் ஒரு தண்டனை. ஆலைச் சத்தத்தில் அவர் காது மந்தமாகிவிட்டது. மனைவியின் மூச்சு கேட்க வேண்டுமானால் அவள் வாய்க்கு மேல் குனிய வேண்டும். குனிந்தால் அவள் விழித்துக்கொள்வாள். இப்போது இந்தக் கறுப்புப் பெட்டி, அவருக்குப் புதுக் காது கொடுத்தது போல, அவள் மூச்சை அவர் தலைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. பாவம், எந்த மனுஷன்தான் அதை வேண்டாம் என்பான்?

அதற்குப்பிறகு அவர் பாட்டே போடவில்லை. மதியச் சாப்பாடு ஆனதும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். இரண்டு வால்வுகளும் இருட்டில் தணல் போல மினுங்கும். டெனீஸின் மூச்சு வரும், தடுக்கும், நிற்கும், அவர் கைப்பிடியை இறுக்கிக்கொள்வார், மறுபடி வரும்.

ஒரு நாள் அந்த மூச்சுக்கு அடியில் இன்னொன்று கேட்டது.

முதலில் எதிரொலி என்று நினைத்தார். எதிரொலி என்றால் அதுவும் தடுக்கியிருக்க வேண்டும். இது தடுக்கவில்லை. நீளமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் விடுவது போன்ற மூச்சு. அவர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். நெஞ்சு வலிக்கும்வரை அடக்கினார்.

அது நிற்கவில்லை.

ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தார். டெனீஸ் மட்டும்தான். சுவர்ப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாள். கட்டிலில் அவருடைய பக்கம் காலியாக இருந்தது.

"என்ன நெவ்?"

"இல்ல… உன் மூச்சு…"

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். செத்தா நானே வந்து சொல்றேன், போ."

மறுநாளும் ஓடினார். அதற்கு அடுத்த நாளும். கடைசியில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி பூராக் கிழவிங்களத் தூக்கி டாய்லெட்ல உக்கார வச்சிட்டு வந்து இப்பத்தான் கண்ண மூடுறேன். உனக்கு என்ன வந்திச்சு? இன்னொரு வாட்டி எழுப்புனேன்னு வச்சிக்க, என் தங்கச்சி வீட்டுல போய்ப் படுத்துக்குவேன். சும்மா சொல்லல."

"சரி, சரி. எழுப்பல."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தூக்கம் பாதி குரலை விழுங்கிவிட்டது.

"பக்கத்துல வந்து படுக்குற இல்ல, அது போதும். சாக்ஸ் போட்டுக்கிட்டுப் படு. உன் காலு ஐஸ் மாதிரி இருக்கு."

நெவில் அவள் பக்கத்தில் பகலில் படுத்ததே இல்லை.

கேட்க வாயைத் திறந்தார். அவள் அதற்குள் தூங்கிவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார். சாத்தும்போது தன் பக்கத்துத் தலையணையைப் பார்க்காமல் சாத்தினார்.

அன்று சாயங்காலம் அவள் வேலைக்குக் கிளம்பினாள். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். வெள்ளிப் பெட்டியில் ஹெட்போனைச் செருகினார். சுத்தமான அமைதி. கறுப்பில் செருகினார்.

மூச்சு. ஒன்றே ஒன்று. நீளமானது.

வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

அன்றிரவு அவர் படுக்கையறைக்குப் போகவில்லை. கூடத்து நாற்காலியில், விளக்கை அணைக்காமல், காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். விடிந்ததும் போன் போட்டுக் கோலினை எழுப்பினார்.

"உன் மூச்சுதாண்டா மடையா, வேற எவன் மூச்சு? உன் மூக்கு சத்தம் வால்வுல பட்டுத் திரும்பி வருது."

"அடக்கிப் பாத்தேன் கோலின். அது பாட்டுக்கு வருது."

"அப்ப வால்வு காலி. பார்சல் பெட்டிக்கு அடியில பஞ்சுல சுத்தி ஒரு ஜோடி வச்சிருக்கேன், மாத்து. மாத்துனதும் அந்த ரெண்டாவது சத்தம் போயிடுச்சுன்னா, குத்தம் வால்வுலதான். விஷயம் முடிஞ்சுது. இதுக்குப்போய் என்னைக் கோழி கூவுற நேரத்துல எழுப்புற பாரு!"

வெளிச்சத்தில் கேட்டபோது அந்தப் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. வால்வுதான். கம்பிதான். சன்னல் விளிம்பில் படிந்திருந்த ஆலையின் சிவப்புத் தூசியை விரலால் துடைத்தபடி, தன் பயத்தை நினைத்துச் சிரிக்கக்கூட முயன்றார். டெனீஸ் வந்தாள், டோஸ்ட்டைப் பாதி கடித்தாள், போய்ப் படுத்தாள்.

மத்தியானம். வால்வுகள் சிவந்தன. மட்கிய வாசனை எழுந்தது, முன்னைவிட அதிகமாக. ஹெட்போனை மாட்டினார்.

இரண்டு மூச்சு.

அவளுடையது தடுக்கியது. தொடர்ந்தது. தடுக்கியது. நீளமானது அதன்மேல் படர்ந்து போய்வந்தது. நெருங்கிப் படுத்துக் காதோடு மூச்சு விடுவது போல.

அவளுடையது தடுக்கியது.

நின்றது.

கைப்பிடியை இறுக்கினார். இப்போது வரும். அந்த இழுப்பு இப்போது வரும். வரவில்லை. நீளமானதும்கூட நின்றிருந்தது, கவனித்துக்கொண்டிருப்பது போல. காதுக்குள் அப்படி ஒரு நிசப்தம்.

பாதி எழுந்துவிட்டார். 'இன்னொரு வாட்டி எழுப்புனேன்னு வச்சிக்க.' அவளுடைய சிவந்த கண்கள். எத்தனை முறை இப்படி ஓடினோம், எத்தனை முறை அவள் நன்றாக இருந்தாள். குற்றம் வால்வுடையது. கோலின்தான் சொன்னானே.

உட்கார்ந்தார்.

பென்சிலால் தட்டினார். மணி அடிக்கவில்லை. பெட்டியை அணைத்தார். கைக்குட்டையைச் சுற்றிப் பழைய வால்வுகளைப் பிடுங்கினார். துணியைத் தாண்டி விரல் பொசுங்கியது. பஞ்சைப் பிரித்தார். ஊசிக்கால்கள் குழிகளில் இறங்க மறுத்தன. திருப்பித் திருப்பிப் பொருத்தினார். ஒருவழியாக இறங்கின. மறுபடி சூடேறக் காத்திருந்தார். மெல்ல மெல்ல ஒரு ஆரஞ்சுப் புள்ளி, இரண்டு புள்ளிகள்.

மாட்டினார்.

மூச்சு வந்தது.

ஒன்றே ஒன்று. இரண்டாவது இல்லை, போயே போய்விட்டது. நீளமாக, நிதானமாக, எங்கும் தடுக்காமல். இத்தனை வருடத்தில் டெனீஸ் இப்படித் தூங்கி அவர் கேட்டதே இல்லை. நெவிலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்காமல் அப்படியே சாய்ந்து, சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கறுப்பத்தான் எடுக்குறேன்," என்று கோலினிடம் சொன்னார். "வால்வு மாத்துனேன். சரியாயிடுச்சு."

"அப்பாடா! ஒருத்தன் மாட்டுனான்."

அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் நெருங்கியது. ஆட்டிறைச்சித் துண்டுகளை வாணலியில் புரட்டி எடுத்தார், தேநீர் ஊற்றினார், அவள் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கினார். கோப்பையோடு கதவைத் தள்ளினார்.

"டெனீஸ். எழுந்திரு கண்ணு. நேரமாச்சு."

இருட்டு. மட்கிய வாசனை.

அவள் காலையில் படுத்தபடி இல்லை. சுவர்ப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். வாய் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டார்.

குளிர். இப்போது வந்த குளிர் இல்லை. மத்தியானமே வந்த குளிர்.

கோப்பை கையிலிருந்து நழுவியது. அது விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய மந்தக் காதுக்குக் கேட்டது வேறு. ஹெட்போன் கூடத்து மேசைமேல் கிடந்தது. இங்கே, இந்த அறைக்குள், வெறும் காதுக்கே கேட்டது.

உள்ளே போனது. வெளியே வந்தது.

நீளமாக. நிதானமாக.

கட்டிலில் அவருடைய பக்கம் குழிந்திருந்தது, ஆள் படுத்தாற்போல. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி அவளை நோக்கி நகர்ந்தது. மெத்தை சரிந்தது. டெனீஸின் கை சரிவில் வழுக்கி, குழிக்கு மேல் போய் விழுந்தது.

விழுந்த கை மெத்தையைத் தொடவில்லை. மெத்தைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில் தங்கி, அந்த மூச்சோடு மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடியும் ஏறியது.